நீல் மெக்லியோட்: டர்பன் தண்ணீர்த் துறையை 22 ஆண்டு நடத்திய அதிகாரி

மெர்பேங்க் மணி எழுதியது (இழை தொடக்கம்):

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் மேயர், மந்திரி, கட்சித் தலைவர் என்று எத்தனையோ பேரைப் பற்றி இழை ஓடியிருக்கிறது. மாநகராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து ஊருக்கு வேலை பார்த்த ஒரு அதிகாரியைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நான் பேச நினைப்பது நீல் மெக்லியோட். பொறியாளர். 1992 முதல் 2014 வரை தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனின் தண்ணீர், கழிவுநீர்த் துறைக்குத் தலைவர் அவர்தான்.

அந்த ஆண்டுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர் பொறுப்பேற்றபோது மண்டேலா சிறையிலிருந்து வந்துவிட்டார், ஆனால் எல்லாருக்கும் ஓட்டு என்ற தேர்தல் இன்னும் நடக்கவில்லை. 1994 வந்து போனது. 2000 டிசம்பரில் ஈத்தெக்வினி என்ற பெரிய மாநகராட்சி உருவாகி, பழைய டர்பனோடு சுற்றுப்பட்ட ஊர்களும் மலைக்கிராமங்களும் சேர்ந்தன. ஒரே நாளில் பரப்பளவு பாதிக்கு மேல் கூடியது. புதிதாகச் சேர்ந்த கிராமங்களில் பல வீடுகளுக்குக் குழாயும் இல்லை, கழிப்பறையும் இல்லை. ஆற்றிலிருந்து தலையில் சுமந்து வந்தார்கள்.

அவருடைய துறை செய்த வேலைகளில் என்னை மிகவும் இழுத்தது இலவசத் தண்ணீர்க் கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர் என்பது அரசு தன் கொள்கையில் வைத்த குறைந்தபட்சம். எட்டுப் பேர் இருக்கும் வீட்டுக்கு 200 லிட்டர். மாதத்துக்கு 6,000 லிட்டர், பில்லில் வரும் கணக்கில் 6 கிலோலிட்டர். ஏழை வீட்டில் இந்த 6 கிலோலிட்டருக்கு மீட்டர் பார்த்து, பில் போட்டு, தபாலில் அனுப்பி, கட்டாதவர் பின்னால் ஆள் அனுப்பி வசூலிப்பதற்கு ஆகும் செலவு, கடைசியில் கைக்கு வரும் காசைவிட அதிகம். அப்படியென்றால் இலவசமாகவே கொடுத்துவிடலாமே என்று முடிவெடுத்தார்கள். 1990களின் பிற்பகுதியில் டர்பனில் தொடங்கிய இந்த வழக்கம் 2001 ஜூலையில் நாடு முழுவதற்குமான கொள்கையாகிவிட்டது.

இரக்கப்பட்டுக் கொடுத்ததை அடுத்து வருகிறவர் நிறுத்திவிடலாம். கணக்குப் போட்டுக் கொடுத்ததை நிறுத்த வேண்டுமானால் அவரும் ஒரு கணக்கைக் காட்ட வேண்டும். மெக்லியோடின் மேல் எனக்கு மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

2014இல் ஸ்டாக்ஹோம் தொழில்துறை நீர் விருது இந்தத் துறைக்குக் கிடைத்தது. 14 ஆண்டுகளில் 13 லட்சம் பேருக்குப் புதிதாகக் குழாய் இணைப்பு, 7 லட்சம் பேருக்குக் கழிப்பறை வசதி என்று விருதுக் குறிப்பு சொன்னது. அதே ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். அந்தக் காலத்தில் இந்த வேலைகளைக் கிட்ட இருந்து பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். எழுதுங்கள்.

---

குழாய்க்காரர் எழுதியது:

மணி தம்பி, நல்ல வேலை செய்தாய். நான் பிளம்பிங் வேலையிலேயே தலை நரைத்தவன். நீ சொன்ன 200 லிட்டர் காகிதத்தில் எழுதிய எண் மட்டும் இல்லை. அது ஒரு டேங்க். அது எப்படி ஓடியது என்று நம் ஆட்களுக்கே சரியாகத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

வீட்டு முற்றத்தில் ஒரு மேடை, அதன்மேல் 200 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். தெருவில் ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து வீட்டுக்கு ஒன்றாக மெல்லிய பாலிதீன் பைப் பிரிந்து போகும். அந்தப் பகுதி ஆள் ஒருவரே தினம் ஒரு தடவை தண்ணீரைத் திறந்துவிடுவார். டேங்க் நிரம்பியதும் மிதவை மேலே வந்து வாயை அடைத்துக்கொள்ளும். மறுநாள் வரை அவ்வளவுதான். மீட்டர் கிடையாது, பில் கிடையாது, சண்டையும் கிடையாது. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்து இழுக்க முடியாது என்பதால் மெயின் பைப்பும் சின்னதாக இருந்தால் போதும். அதே காசில் இன்னும் நாலு தெரு தள்ளிப் போகலாம்.

இதற்கு மேல் இன்னொரு படியும் வைத்தார்கள். கூரையில் டேங்க் வைத்து வீட்டுக்குள் குழாய். அதற்கும் மேலே, நம் வீடுகளில் இருப்பதுபோல் முழு அழுத்தத்தோடு வரும் இணைப்பு. ஒரே ஊரில் மூன்று விதமான தண்ணீர். எல்லாருக்கும் முதல் தரம் வரும்வரை யாருக்கும் ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்திருக்காமல், இன்றைக்கு இருக்கும் காசில் எதுவரை போகலாம் என்று பார்த்து இறங்கினார்கள். ஒரு இன்ஜினியர் அப்படித்தான் யோசிப்பார்.

---

சாட்ஸ்வர்த் செல்வி எழுதியது:

மணி, அண்ணன் இரண்டு பேருக்கும் வணக்கம். எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த இலவச 6 கிலோலிட்டருக்கு மேலே போனால் என்ன ஆயிற்று? பில் வந்தது. பில் கட்டாவிட்டால் தண்ணீர் நின்றது. 1999, 2000இல், டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் எங்கள் சாட்ஸ்வர்த் ஃபிளாட்களில் ஒரு பக்கம் வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், இன்னொரு பக்கம் தண்ணீரை நிறுத்தினார்கள். ஆடை ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. வேலை போன பெண்கள்தான் அந்த வீடுகளில் அதிகம். நிறவெறியை எதிர்த்துப் போராடிய பேராசிரியை ஃபாத்திமா மீர் வந்து அவர்கள் பக்கம் நின்றார். தமிழ்ப் பாட்டிகளும் ஜூலுத் தாய்மார்களும் ஒரே படிக்கட்டில் உட்கார்ந்து மாநகராட்சி ஆட்களை மேலே ஏறவிடாமல் தடுத்தார்கள்.

வேலை இல்லாமல் ஏழு குழந்தைகளோடு இருந்த ஒரு தாய் மாநகராட்சி மேல் வழக்குப் போட்டார். தண்ணீர்ச் சேவைச் சட்டம் 1997இலேயே வந்துவிட்டது. அடிப்படைத் தண்ணீர் எல்லாருக்கும் உரிமை என்று அதில் இருக்கிறது. ஆனால் அடிப்படை என்றால் எத்தனை லிட்டர் என்று சொல்லும் விதிமுறை அப்போது எழுதப்படவில்லை. அதனால் 2001 தொடக்கத்தில் டர்பன் உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சில மாதம் கழித்து, அதே ஆண்டில், ஆளுக்கு 25 லிட்டர் அல்லது வீட்டுக்கு மாதம் 6 கிலோலிட்டர், 200 மீட்டர் தூரத்துக்குள் என்று விதிமுறை வெளிவந்தது.

விருது வாங்கிய துறை என்று எழுதும்போது இந்தத் தாயையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். மெக்லியோட் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் இந்தக் கேள்வி அவரிடம்தான் வரும்.

---

மெர்பேங்க் மணி எழுதியது:

செல்வி அக்கா, இதற்காகத்தான் இழையைத் தொடங்கினேன்.

நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிறது. இலவசமாகக் கொடுத்ததும் அதே கணக்கு, நிறுத்தியதும் அதே கணக்கு. 6 கிலோலிட்டர் வரை வசூல் செலவு அதிகம், அதனால் விட்டுவிடு. அதற்கு மேலே வசூல் லாபம், அதனால் கட்டாதவனை நிறுத்து. எட்டுப் பேர் வீட்டுக்குச் சரியாக வரும் கணக்கு, பத்துப் பேர் வீட்டுக்குப் பத்தாது. சாட்ஸ்வர்த் ஃபிளாட்டில் ஃபிளஷ் கழிப்பறை வேறு. முற்றத்து டேங்க்கில் பிடித்துக் குடிக்கிற குடும்பத்துக்கு 200 லிட்டர் ஒரு மாதிரி, தொட்டியை இழுத்துவிடுகிற குடும்பத்துக்கு வேறு மாதிரி.

ஆனால் அந்தத் துறை அப்படியே நின்றுவிடவில்லை என்பதும் உண்மை. பிற்பாடு அடியோடு நிறுத்துவதற்குப் பதிலாகத் தண்ணீர் மெலிந்து வரும்படி செய்தார்கள். இலவச அளவும் 6இலிருந்து 9 கிலோலிட்டர் ஆனது. தண்ணீரை மெலிய வைக்கக் குழாயில் போட்ட தகடு பற்றிக் குழாய்க்கார அண்ணனுக்குத் தெரிந்திருக்கும்.

---

குழாய்க்காரர் எழுதியது:

தெரியும். ஒரு நாணயம் அளவுக்கு ஒரு வட்டத் தகடு, நடுவில் சின்னத் துளை. மீட்டருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டால் குழாயில் நூல்போல வரும். ராத்திரி வாளியை வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் நிரம்பியிருக்கும். சட்டப்படி தண்ணீர் இருக்கிறது. குளிக்க முடியாது, கழிப்பறைத் தொட்டி நிரம்ப நேரமாகும். செல்வி அம்மாவின் கோபம் நியாயமானது. ஆனால் அடியோடு நிறுத்துவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்த ஒரு வாளி பெரிது.

---

சோம்சு ரோட் தாத்தா எழுதியது:

பிள்ளைகளே, நான் கொஞ்சம் பின்னால் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1992இல் அந்த நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்தார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் அங்கே வேறு யாரும் உட்கார முடியாது. நம் ஆட்கள் டர்பன் கார்ப்பரேஷனில் இல்லாமலா இருந்தார்கள்? 1860இல் மதராஸிலிருந்து முதல் கப்பல் வந்தது. ஒப்பந்தம் முடிந்து கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்களில் நிறையப் பேரை கார்ப்பரேஷன் எடுத்துக்கொண்டது. எடுத்தது எதற்கு? தெரு கூட்ட, குப்பை அள்ள, மலவாளி சுமக்க. சோம்சு ரோட்டில் மேகஸின் பாரக்ஸ் என்று ஒரு குடியிருப்பில் அவர்களை வைத்தார்கள். தமிழும் தெலுங்கும்தான் அங்கே பேச்சு. ஒரு அறையில் ஒரு குடும்பம், குழாயும் கழிப்பறையும் பொது. அந்த நெருக்கத்துக்கு நடுவில் கோவில் கட்டினார்கள், நாடகம் போட்டார்கள், கால்பந்துக் குழு வைத்தார்கள்.

1924இல், டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் ஒரு ஆணை வந்தது. அதற்குப் பிறகு இந்தியர் யாரும் நகராட்சி வாக்காளராகப் புதிதாகப் பதிவு செய்ய முடியாமல் போனது. நகரத்தைச் சுத்தமாக வைத்தவனுக்கு நகரத்தில் ஓட்டு இல்லை. 1960களில் பாரக்ஸைக் காலி செய்து சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். செல்வி சொல்லும் ஃபிளாட்களில் முதலில் குடிவந்தவர்களில் அந்தப் பாரக்ஸ் குடும்பங்களும் உண்டு. மலவாளி சுமந்தவனின் பேத்தி வீட்டில் 2000இல் தண்ணீர் நிற்கும்போது அந்தக் குடும்பத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மெக்லியோட் நல்ல அதிகாரி. அவருக்குரிய மதிப்பைக் கொடுங்கள். கீழே பள்ளத்தில் இறங்கி வேலை செய்த நம் ஆட்களின் பெயரை எந்த விருதுக் குறிப்பும் சொல்லவில்லை. அதை நாம்தான் எழுத வேண்டும்.

---

அடையாறு டு அம்லாங்கா எழுதியது:

தாத்தா, நன்றி. இதையெல்லாம் இங்கே வந்த பிறகும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் சென்னைக்காரன், வேலைக்காக டர்பன் வந்தவன். மெர்பேங்க் பக்கம் கழிவுநீரைச் சுத்தம் செய்து ஆலைகளுக்குக் கொடுக்க ஒரு நிலையம் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். அதுவும் இவர் காலத்தில் வந்ததா? சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல்தான் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் அப்படிப்பட்ட நிலையங்கள் பெரிய அளவில் தொடங்கின.

---

மெர்பேங்க் மணி எழுதியது:

ஆமாம் தம்பி, 2001இலேயே. எங்கள் ஏரியாதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தெற்குக் கழிவுநீர் நிலையத்திலிருந்து ஒரு நீண்ட குழாய் கடலுக்குள் போகிறது. 1960களின் கடைசியிலிருந்து அது இருக்கிறது. ஊர் பெருகப் பெருக அந்தக் குழாய் தாங்காது, இன்னொன்று போட வேண்டும் என்ற நிலை வந்தது. கடலுக்குள் குழாய் போடுவது சாதாரணச் செலவா? அதே சமயம் பக்கத்திலேயே மோண்டி காகித ஆலையும் சாப்ரெஃப் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் குடிக்கிற தண்ணீரை வாங்கிப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. கழிவுநீரைக் கிட்டத்தட்ட குடிநீர்த் தரத்துக்குச் சுத்தம் செய்து இந்த இரண்டு ஆலைகளுக்கும் குறைந்த விலைக்கு விற்றால் என்ன? தனியார் நிறுவனம் ஒன்று கட்டி நடத்த, நாளுக்கு 4.75 கோடி லிட்டர் திறனோடு நிலையம் வந்தது. கடலுக்குப் போகிற பளு குறைந்தது, அவ்வளவு குடிநீரும் ஊருக்கு மிச்சம்.

தனியாரை உள்ளே விட்டதை எதிர்த்தவர்கள் உண்டு, அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. எங்களுக்கு இன்னொரு குறையும் இருந்தது. ஆலைகளின் புகையும் நாற்றமும் மெர்பேங்க்குக்கு, ஆஸ்துமாவும் மெர்பேங்க்குக்கு. தண்ணீர்த் துறையால் அதைத் தீர்க்க முடியாதுதான். சாப்ரெஃப் 2022இல் நின்றுபோனது.

---

வார்டு நர்ஸ் எழுதியது:

கழிப்பறை பற்றி யாரும் விரிவாக எழுதவில்லையே. எனக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் 2000இன் காலரா எனக்கு மறக்காது.

ஆகஸ்டில், டர்பனுக்கு வடக்கே எம்பாங்கேனி ஊர்ப் பக்கம் தொடங்கியது. அங்கே இலவசமாக இருந்த பொதுக்குழாய்களுக்குக் காசு கட்டும் முறை வந்த பிறகு, கட்ட முடியாதவர்கள் ஆற்றுத் தண்ணீருக்குப் போனார்கள் என்பது பதிவான செய்தி. மாகாணம் முழுக்கப் பரவி, 2001 முடிவதற்குள் 1 லட்சத்துக்கும் மேலானோருக்கு நோய் வந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். நல்ல தண்ணீரும் கழிப்பறையும் இல்லாத வீட்டுக்கே அந்த நோயாளியைத் திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது. அதுதான் வேதனை.

அதற்குப் பிறகுதான் டர்பன் கிராமப்புறங்களில் தண்ணீரும் கழிப்பறையும் கைகழுவக் கற்றுக்கொடுப்பதும் ஒன்றாகப் போக வேண்டும் என்று வேலை தொடங்கியது. மலைச் சரிவில் சாக்கடைக் குழாய் போட முடியாது. பழைய மாதிரிக் குழி கழிப்பறை நிரம்பினால், லாரி போக முடியாத இடத்தில் எப்படி எடுப்பது? அதனால் சிறுநீரைத் தனியாகப் பிரிக்கும் உலர் கழிப்பறை. உட்காரும் இடத்துக்குக் கீழே இரண்டு அறை. ஒன்றைப் பயன்படுத்தும்போது மற்றது மூடியிருக்கும். முன்பக்கம் ஒரு கிண்ணம், சிறுநீர் அதன் வழியாக மண்ணுக்குள் போய்விடும். பின்னால் விழுவதன்மேல் ஒரு பிடி மணலோ சாம்பலோ போட வேண்டும். முதல் அறை நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததுக்கு மாறினால், பழையது காய்ந்து மண்போல ஆகிவிடும். பல பத்தாயிரம் வீடுகளுக்கு இதைக் கட்டினார்கள். இவ்வளவு பெரிய அளவில் ஒரு மாநகராட்சி செய்தது உலகத்திலேயே அபூர்வம்.

ஆனால் மக்களுக்கு அது பிடித்ததா என்றால், நிறையப் பேருக்குப் பிடிக்கவில்லை. காய்ந்த அறையை வீட்டுக்காரரே காலி செய்ய வேண்டும் என்பது முதலில் இருந்த ஏற்பாடு. யார் செய்வார்கள்? பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். டவுனில் ஃபிளஷ், எங்களுக்கு மட்டும் மணலா என்று கேட்டார்கள். தாத்தா சொன்ன மலவாளியை நினைத்துக்கொண்டு படித்தால் அந்தக் கேள்வியின் கனம் புரியும். பிற்பாடு காலி செய்யும் வேலையை மாநகராட்சியே எடுத்துக்கொண்டது. குவாசூலு நேட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் இதை ஆராய்ந்தார்கள். செய்ததை அளந்து பார்த்து, குறையையும் வெளியில் சொன்ன துறை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

---

டோங்காட் தங்கராஜா எழுதியது:

எல்லாம் சரி. அந்தப் புகழ் இப்போது எங்கே போயிற்று?

2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் டோங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உடைந்தது. மாதக்கணக்கில் ஊரே டேங்கர் தண்ணீரில் வாழ்ந்தது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற, கோவிலில் ஜோஜோ பிளாஸ்டிக் டேங்க்கை முந்தைய நாளே நிரப்பிக் காவல் வைத்தோம். கேழ்வரகைக் கரைக்கும் பெண்கள் தண்ணீரைச் செம்பால் அளந்து ஊற்றினார்கள். பிறகு வெருலம், ஃபீனிக்ஸ் என்று எத்தனை போராட்டம். சுத்தம் செய்து அனுப்பும் தண்ணீரில் பாதிக்கும் மேல் காசாகாமல் போகிறது என்று மாநகராட்சியின் கணக்கே சொல்கிறது. 2014இல் விருது வாங்கிய ஊரா இது?

---

குழாய்க்காரர் எழுதியது:

தங்கராஜா, வெள்ளத்தை யாராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பாதிக்கும் மேல் என்ற கணக்குக்கு வெள்ளம் காரணமில்லை.

அதில் மூன்று சேர்ந்திருக்கிறது. பைப் உடைந்து மண்ணுக்குள் போவது, மீட்டர் இல்லாமல் எடுப்பது, மீட்டரே தப்பாக ஓடுவது. மெக்லியோட் காலத்திலும் மூன்றில் ஒரு பங்கு போய்க்கொண்டுதான் இருந்தது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் பைப்புகளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு மாற்றினார்கள். அழுத்தத்தைக் குறைக்கும் வால்வுகளைப் போட்டார்கள். அழுத்தம் குறைந்தால் அதே ஓட்டையில் கசிவும் குறையும், பைப்பும் நாள்பட உழைக்கும். ஆனால் அந்த வால்வைப் போட்டால் மட்டும் போதாது. போய்ப் பார்க்க வேண்டும், கழுவ வேண்டும், ரப்பர் மாற்ற வேண்டும். எந்தப் பள்ளத்தாக்கில் எந்த வால்வு, எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்பது வரைபடத்தில் பாதி, ஆட்களின் தலையில் பாதி. ஆட்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். பதிலுக்குப் பழக்கி வைத்தவர்கள் போதவில்லை.

என் பார்வையில் அவர் காலத்தின் குறை இதுதான். 22 வருஷம் ஒருவரே இருந்ததால் வேலை நடந்தது. அவரும் அவரோடு இருந்தவர்களும் போன பிறகு தாங்கும்படி கீழே ஆட்களை ஏற்றிவிட்டிருக்க வேண்டும். அது அவர் கையில் மட்டும் இருந்ததா, பட்ஜெட் போட்டவர்கள் கையில் இருந்ததா என்றால், இரண்டும்தான்.

---

சாட்ஸ்வர்த் செல்வி எழுதியது:

இதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து படித்துவிட்டுப் போன துறை அது. நம் பிள்ளைகள் எத்தனை பேர் அதைப் படித்தார்கள்?

---

இரண்டாமாண்டு சிவில் எழுதியது:

அக்கா, நான் படிக்கிறேன். டர்பனில்தான், சிவில் இன்ஜினியரிங். வகுப்பில் எல்லாரும் கன்சல்டிங் கம்பெனிக்குப் போக வேண்டும் என்கிறார்கள். மாநகராட்சி என்றால் வீட்டிலும் முகம் சுளிக்கிறார்கள். இந்த இழையைப் படித்த பிறகு கேட்கத் தோன்றுகிறது. உள்ளே போனால் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

---

குழாய்க்காரர் எழுதியது:

போ அம்மா, தைரியமாகப் போ. வீட்டில் பேச ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன்.

முதலில் ராத்திரி ஓட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொள். நள்ளிரவு தாண்டி இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை ஊர் தூங்கும். அந்த நேரத்தில் ஒரு பகுதிக்குள் போகும் தண்ணீரை அளந்தால், அதில் பெரும்பங்கு கசிவு. அதை வைத்துத்தான் எந்தத் தெருவைத் தோண்டுவது என்று முடிவு செய்வோம். இன்றைக்கே உன் வீட்டில் செய்து பார்க்கலாம். படுக்கப் போகுமுன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணை எழுதி வை. விடியற்காலை, யாரும் கழிப்பறைக்குப் போகும் முன்னால், மறுபடி பார். எண் நகர்ந்திருந்தால் முதலில் கழிப்பறைத் தொட்டியின் ரப்பரைப் பார், பாதி வீடுகளில் கசிவு அங்கேதான். அது சரியாக இருந்தால் மீட்டரிலிருந்து வீடு வரைக்கும் தரை எங்கேயாவது ஈரமாக, புல் மட்டும் பச்சையாக இருக்கிறதா என்று நடந்து பார். எண்ணை இங்கே போடு, மேற்கொண்டு சொல்கிறேன்.